ரத்தத்தில் 'உப்பு ஏறியிருக்கு' என்றால் எது ஏறியிருக்கிறது?

ராயபுரத்தில் இருக்கும் ஸ்டான்லி ஆஸ்பத்திரியைப் பழைய ஆட்கள் இன்னமும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். 18-ஆம் நூற்றாண்டுப் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய சத்திரம் அங்கே இருந்தது. கஞ்சி போய்ப் பல தலைமுறை ஆகியும் பெயர் போகவில்லை. வைத்தியத்தில் அதுபோல நின்றுவிட்ட இன்னொரு பெயர் 'உப்பு'. "நைனாவுக்கு உப்பு ஏறியிருக்குன்னு சொல்லிட்டாங்க" என்று வியாசர்பாடியிலோ தண்டையார்பேட்டையிலோ ஒரு வீட்டில் பேச்சு எழுந்தால், அன்று இரவே குழம்பில் உப்பு நின்றுவிடும். இரண்டு மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தால் அதே 'உப்பு' இன்னும் ஏறியிருக்கும். உப்பையே தொடாதவருக்கு உப்பு எப்படி ஏறும் என்று வீட்டார் குழம்பிப்போவார்கள்.

இதோடு சேர்ந்தே வரும் கேள்விகள் இரண்டு. பிரஷருக்குக் காட்டப் போனால் யூரின் ஏன் கேட்கிறார்கள்? கிட்னி கெட்டுப்போச்சு என்று சொன்ன டாக்டர் ஏன் பிரஷர் மாத்திரையை எழுதித் தருகிறார்? மூன்று கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது: ரத்த ஓட்டமும் சிறுநீர் மண்டலமும் சந்திக்கும் இடத்தில்.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

நம் பேச்சில் 'உப்பு' என்ற ஒரே சொல் நான்கு வெவ்வேறு பொருள்களைக் குறிக்கிறது.

1. சமையல் உப்பு. இது சோடியம் குளோரைடு. ரத்த அழுத்தத்தோடு நேரடித் தொடர்பு உள்ளது இதுதான்.

2. ரிப்போர்ட்டில் ஏறும் 'உப்பு'. இது யூரியாவும் கிரியாட்டினினும். புரதத்தை உடல் உடைத்துப் பயன்படுத்தியபின் மிஞ்சும் கழிவை ஈரல் யூரியாவாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது. கிரியாட்டினின் தசைகளில் இருந்து தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் வந்துகொண்டிருக்கும் கழிவு. இரண்டுமே உப்பு கிடையாது. சாப்பாட்டில் உப்பை நிறுத்துவதால் மட்டும் இவை இறங்குவதும் இல்லை.

3. 'உப்பு நீர்'. கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் சொல்வது. சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறது என்று பொருள். முட்டையின் வெள்ளைக்கரு வகையைச் சேர்ந்த பொருள் இது. இதுவும் உப்பு கிடையாது.

4. பொட்டாசியம். ரசாயனப்படி இது உப்புகளில் இருக்கும் ஒரு தாது. இதயத் துடிப்பைப் பிடித்து வைத்திருப்பது இது. ரத்தத்தில் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் என்ற குறுகிய எல்லைக்குள் இருக்க வேண்டும். 6.5-ஐத் தாண்டினால் இதயம் தாளம் தப்பலாம், நின்றும் போகலாம்.

இந்தக் குழப்பத்தால் உயிருக்கே ஆபத்து வரும் இடம் ஒன்று உண்டு. 'உப்பு ஏறியிருக்கு' என்று கேட்டவர் கடையில் 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதைத் தேடி வாங்குகிறார். அதில் சோடியத்தைக் குறைத்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடைக் கலந்திருப்பார்கள். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு அது நல்லதே. பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாத சிறுநீரகத்துக்கு அது விஷம். இந்துப்புக்கு மாறினாலும் லாபமில்லை; அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். நோயாளியிடம் பேசும்போது 'உப்பு' என்ற சொல்லை விட்டுவிட்டு கிரியாட்டினின் என்றே சொல்லிவிடலாம் என்பது என் கருத்து. ரீசார்ஜ், ஜிஎஸ்டி எல்லாம் சொல்லும் வாய்க்கு கிரியாட்டினின் ஒன்றும் கஷ்டமில்லை.

ரத்தக் குழாய்களால் ஆன உறுப்பு

சிறுநீரகத்தை 'கழிவை வெளியேற்றும் உறுப்பு' என்று பள்ளியில் படித்தோம். அது தப்பில்லை, ஆனால் அந்த விளக்கத்தில் ரத்த ஓட்டம் காணாமல் போய்விடுகிறது. எடையைப் பாருங்கள்: ஒரு சிறுநீரகம் சுமார் 150 கிராம். இரண்டும் சேர்ந்தாலும் உடல் எடையில் அரை சதவீதத்துக்குப் பக்கம்தான். ஆனால் இதயம் நிமிடத்துக்கு வெளியே தள்ளும் 5 லிட்டர் ரத்தத்தில் ஒரு லிட்டருக்கும் மேல், அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கும் கூடுதலாக, இந்த இரண்டுக்கும் போகிறது. உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமும் ஐந்து நிமிடத்துக்குள் ஒரு முறை சிறுநீரகத்துக்குள் போய்த் திரும்புகிற அளவு அது.

சிறுநீரகத்தின் பசிக்கு மட்டும் இவ்வளவு ரத்தம் தேவையில்லை. வேலை அப்படி. ரத்தம் போகும் பாதையைப் படிப்படியாகப் பார்த்தால் விளங்கும்.

1. இதயத்தில் இருந்து பெருந்தமனி, அதில் இருந்து பக்கத்துக்கு ஒன்றாகச் சிறுநீரகத் தமனி.

2. அது கிளைத்துக் கிளைத்து, தலைமுடியைவிட மெல்லிய உட்செல் நுண்தமனியாகிறது.

3. அங்கே தந்துகிகள் என்ற மிக நுண்ணிய ரத்தக் குழாய்களால் ஆன, நூல் கண்டு போன்ற ஒரு முடிச்சு. இதற்குப் பெயர் கிளாமருலஸ். இந்த முடிச்சைச் சுற்றி ஒரு கிண்ணம், கிண்ணத்தில் இருந்து கிளம்பும் நுண்குழல். எல்லாம் சேர்ந்தது ஒரு நெஃப்ரான். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 லட்சம் நெஃப்ரான்கள் இருக்கின்றன. பிறந்தபின் புதிதாக ஒன்றுகூட முளைக்காது.

4. முடிச்சில் இருந்து ரத்தம் வெளியேறுவது சிரை வழியாக அல்ல, இன்னொரு தமனி வழியாக: வெளிச்செல் நுண்தமனி.

5. அந்தத் தமனி மறுபடி தந்துகிகளாகப் பிரிந்து, நுண்குழலைக் கொடி போலச் சுற்றிக்கொள்கிறது. அதற்கப்புறம்தான் சிரை, அங்கிருந்து இதயம்.

நான்காவது படியில் நின்று பாருங்கள். உடம்பில் மற்ற இடங்களில் பெரும்பாலும் தமனி, தந்துகி, சிரை என்ற வரிசைதான். தந்துகிக்கு முன்னாலும் தமனி, பின்னாலும் தமனி என்ற அமைப்பு இங்கேதான் இருக்கிறது. முன்னால் ஒரு திருகு, பின்னால் ஒரு திருகு வைத்த குழாய் என்று வைத்துக்கொள்ளலாம். முன் திருகைத் திறந்து பின் திருகை லேசாக இறுக்கினால் நடுவில் அழுத்தம் ஏறும். சாதாரணத் தந்துகியில் அழுத்தம் 20 மில்லிமீட்டர் சுற்றுவட்டாரத்தில் இருக்க, கிளாமருலஸில் அது 50 முதல் 60 வரை நிற்பது இந்த இரண்டு திருகுகளால்தான். வடிகட்டும் சக்தி அந்த அழுத்தம்தான். மோட்டார் எதுவும் கிடையாது. இதயத்தின் தள்ளுவிசையே வடிகட்டியின் மின்சாரம்.

180 லிட்டர் இறங்கி, ஒன்றரை லிட்டர் வெளியேறுகிறது

இந்த அழுத்தத்தில் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீர் முடிச்சுகளில் இருந்து கிண்ணங்களுக்குள் வடிகிறது. லாரித் தண்ணீர் பிடிக்கும் பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் என்றால் 12 குடம். ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா மொத்தமே 3 லிட்டர்தான். அப்படியானால் அதே 3 லிட்டரை ஒரே நாளில் 60 முறை வடிகட்டுகிறோம். அந்த நீரோடு வடிந்து போகும் சமையல் உப்பு மட்டும் கிட்டத்தட்ட ஒன்றரை கிலோ.

அவ்வளவும் வெளியே போனால் அரை மணி நேரத்தில் ஆள் காலி. அதனால் நுண்குழல்கள் 99 சதவீதத்தைத் திரும்ப இழுத்து, தங்களைச் சுற்றியிருக்கும் தந்துகிகளிடம் ஒப்படைக்கின்றன. கழிவை மட்டும் பொறுக்கி எறிவதில்லை. எல்லாவற்றையும் வெளியே கொட்டி, வேண்டியதை எண்ணி எண்ணி உள்ளே எடுத்து வைக்கிறது. வீட்டைச் சுத்தம் செய்ய இது விசித்திரமான முறைதான். ஆனால் இதுவரை உடல் கண்டிராத ஒரு விஷம் உள்ளே வந்தாலும், அதை அடையாளம் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இல்லை என்பது இந்த முறையின் பலம். எடுத்து வைக்காதது எல்லாம் தானாகப் போய்விடும்.

திரும்ப இழுக்கும் வேலைக்கு ஆக்சிஜன் நிறையச் செலவாகும். ரத்த ஓட்டம் சில மணி நேரம் குறைந்தாலும் முதலில் அடிபடுவது இந்த நுண்குழல் செல்கள்தான். கடுமையான வயிற்றுப்போக்கு, ரத்த இழப்பு, மாரடைப்பு ஆகியவற்றுக்குப் பிறகு 'யூரின் போகவில்லை' என்று டாக்டர்கள் பதறுவதற்குக் காரணம் இது. மணிக்கு எத்தனை மில்லி சிறுநீர் இறங்குகிறது என்று பையைப் பார்த்துக் குறிப்பதும், உள்ளே ரத்தம் சரியாகப் போகிறதா என்று பார்க்கும் வழிதான்.

பிரஷரை ஏற்றுவது யார்?

1934-இல் அமெரிக்காவில் ஹாரி கோல்ட்பிளாட் என்ற மருத்துவர் நாய்களின் சிறுநீரகத் தமனிகளில் சிறு கிளிப்புகளை மாட்டி, ரத்தம் போகும் வழியைக் குறுக்கினார். இதயத்தைத் தொடவில்லை, வேறு எதையும் தொடவில்லை. நாயின் ரத்த அழுத்தம் ஏறி, ஏறியபடியே நின்றது. ரத்தம் குறைவாகக் கிடைத்த சிறுநீரகம் உடம்பு முழுவதன் பிரஷரையும் ஏற்றிவிட்டது. அதற்கு அது பயன்படுத்தும் ரெனின் என்ற பொருளை 1898-லேயே ஸ்வீடனில் டிகர்ஸ்டெட், பெர்க்மன் என்ற இருவர் முயலின் சிறுநீரகத்தில் இருந்து பிரித்திருந்தார்கள்.

சங்கிலி இப்படிப் போகிறது:

1. உட்செல் நுண்தமனியின் சுவரிலேயே அழுத்தத்தை அளக்கும் செல்கள் இருக்கின்றன. அழுத்தம் குறைந்தால், அல்லது நுண்குழலில் உப்பு குறைவாக வந்தால், அவை ரெனினை ரத்தத்தில் விடும்.

2. ஈரல் தயாரித்து ரத்தத்தில் விட்டிருக்கும் ஒரு புரதத்தை ரெனின் வெட்டும். வெட்டிய துண்டை, முக்கியமாக நுரையீரலின் ரத்தக்குழாய்களில் இருக்கும் ஏசிஇ என்ற நொதி இன்னும் சிறிதாக வெட்டும். கிடைப்பது ஆஞ்சியோடென்சின் 2.

3. அது உடம்பெங்கும் தமனிகளை இறுக்கும். தாகத்தைத் தூண்டும். சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் இருந்து ஆல்டோஸ்டீரோனை வரவழைக்கும்.

4. ஆல்டோஸ்டீரோன் உப்பைப் பிடித்து வைக்கச் சொல்லும். உப்பு இருக்கும் இடத்தில் தண்ணீரும் நிற்கும். ரத்தத்தின் அளவு கூடும், பிரஷர் ஏறும்.

இந்த நான்காவது படியில்தான் நிஜமான சமையல் உப்பு கதைக்குள் வருகிறது. ஆஸ்பத்திரியில் ஏற்றும் நார்மல் சலைன் பாட்டிலில் ஒரு லிட்டர் நீருக்கு 9 கிராம் உப்பு இருக்கும். நம் உடல்நீரின் உப்புக் கணக்கும் ஏறக்குறைய அதுதான். 9 கிராம் உப்பு வெளியேறாமல் தங்கினால் ஒரு லிட்டர் தண்ணீரும் கூடவே தங்கும். நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் உப்பை நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். காசிமேட்டுக் கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் சேர்ந்த ஒரு சாப்பாட்டில் அந்தக் கணக்கு மதியமே முடிந்துவிடும். கருவாட்டை ஊறவைத்துத் தண்ணீரை இரண்டு முறை மாற்றினால் உப்பு குறையும், போகாது.

ஆரோக்கியமான சிறுநீரகம் கூடுதல் உப்பை ஓரிரு நாளில் வெளியே தள்ளிவிடும். நெஃப்ரான்கள் குறைந்துபோனவருக்கு அது முடியாது. பிரஷர் ஏறும். ஏறிய பிரஷர் மிச்சமிருக்கும் முடிச்சுகளைத் தாக்கும், அவையும் தழும்பேறிச் சாகும், நெஃப்ரான் இன்னும் குறையும். பிரஷரால் கிட்னி கெட்டதா, கிட்னியால் பிரஷர் வந்ததா என்று கேட்டால் பல பேருக்கு இரண்டுமே சரி. இந்தச் சுழலை எங்கே வெட்டினாலும் பலன் உண்டு. அதனால்தான் கிட்னி டாக்டர் பிரஷர் மாத்திரை தருகிறார்.

குறிப்பாக எனலாப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் வகை மாத்திரைகள் ஆஞ்சியோடென்சினின் கையைக் கட்டுகின்றன. அதனால் முடிச்சின் பின் திருகு தளர்ந்து உள்ளழுத்தம் குறைகிறது. ஆல்புமின் கசிவும் குறைகிறது. அழுத்தம் குறைந்ததால் வடிகட்டும் அளவு ஆரம்பத்தில் கொஞ்சம் இறங்கும், கிரியாட்டினின் கொஞ்சம் ஏறும். 30 சதவீதம் வரையிலான ஏற்றத்தை டாக்டர்கள் எதிர்பார்த்தேதான் கொடுக்கிறார்கள். "இந்த மாத்திரை சாப்பிட்டுத்தான் உப்பு ஏறிச்சு" என்று நிறுத்திவிடுகிறவர்கள் இழப்பது பெரிது. மருந்து தொடங்கி ஓரிரு வாரத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்த்துக்கொண்டால் போதும்.

சரி, பிரஷர் 120-க்கு வந்துவிட்டதே, மாத்திரையை விடலாமா? வந்ததே மாத்திரையால்தான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீடு தேடியே வருகின்றன. வருகிற அட்டையை டப்பாவில் போட்டு வைப்பதில் பயனில்லை.

இதயம் தளர்ந்தால் கால் ஏன் வீங்குகிறது?

இதுவரை சிறுநீரகம் இதயத்துக்கு என்ன செய்கிறது என்று பார்த்தோம். மறுபக்கமும் உண்டு. இதயத்தின் தசை பலவீனமானால் முன்னோக்கிப் போகும் ரத்தம் குறைகிறது. சிறுநீரகம் இதை 'உடம்பில் ரத்தம் போதவில்லை' என்று எடுத்துக்கொண்டு ரெனினை விடுகிறது, உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது. உண்மையில் ரத்தம் போதாமல் இல்லை, தள்ளுவதற்குத்தான் ஆளில்லை. பிடித்து வைத்த நீர் சிரைகளில் தேங்கி, கால்களில் இறங்கி, நுரையீரலில் ஏறி, ஏற்கெனவே தளர்ந்த இதயத்தின் மேல் இன்னும் சுமையை ஏற்றுகிறது. சிரைகள் நிரம்பி வழியும்போது சிறுநீரகத்தில் இருந்து ரத்தம் வடிவதும் தடைபடுகிறது, வடிகட்டல் மேலும் குறைகிறது. அதன் கைக்கு எட்டிய தகவலை வைத்துச் சிறுநீரகம் சரியாகத்தான் செய்கிறது. வயிற்றுப்போக்கில் நம்மைக் காப்பாற்றும் அதே ஏற்பாடு இங்கே நம்மை மூழ்கடிக்கிறது.

இதயமும் சும்மா இருப்பதில்லை. அதன் மேலறைகள் நீரால் புடைத்தால் ஏஎன்பி என்ற ஹார்மோனைச் சுரந்து, 'உப்பை வெளியே விடு' என்று சிறுநீரகத்துக்குச் சொல்லும். 1981-இல்தான் இது தெரியவந்தது. இதயம் ஒரு பம்பு மட்டுமே என்று நினைத்திருந்தவர்களுக்கு அது சுரப்பியாகவும் வேலை செய்வது ஆச்சரியமாக இருந்தது. ஆனால் நாள்பட்ட இதயத் தளர்ச்சியில் ரெனினின் குரலே மேலோங்கிவிடும்.

வீக்கத்தை வீட்டிலேயே பார்க்கலாம். மாலையில் கணுக்காலுக்குச் சற்று மேலே, முன் எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்துப் பத்து எண்ணும் வரை அழுத்துங்கள். விரலை எடுத்தால், பிசைந்த மாவில் பதிந்தது போல ஒரு பள்ளம். அது மெல்ல மெல்ல நிரம்பும். கொலுசு, சாக்ஸ் போட்டவர்களுக்கு அதன் அச்சே வளையமாக நிற்கும். இரவு படுத்தபின் கால்நீர் ரத்தத்துக்குத் திரும்புகிறது. சிறுநீரகத்துக்கு அப்போதுதான் போதுமான ரத்தம் கிடைக்கிறது. அதனால் பகலெல்லாம் சரியாகப் போகாத சிறுநீர், ராத்திரியில் நான்கு முறை எழுப்பும். சுகர் என்றும் வயசு என்றும் இதை ஒதுக்கிவிடுவதுதான் வழக்கம். இரண்டு காலிலும் பள்ளம், படுத்தால் மூச்சுத் திணறல், இரவில் சிறுநீர் என்று மூன்றும் சேர்ந்தால் அதை டாக்டரிடம் அப்படியே சொல்ல வேண்டும். ஒரு விஷயம்: ஆம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையும் சிலருக்குக் கால் வீக்கம் தரும், அது இதயத்தாலும் இல்லை, கிட்னியாலும் இல்லை. சாப்பிடும் மாத்திரைகளைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுவது இதற்காகவும்தான்.

மே மாத வெயிலில் ஒரு வலி மாத்திரை

துறைமுகத்தில் லோடு ஏற்றுபவர், காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்குபவர், கொடுங்கையூரில் கட்டட வேலை செய்பவர், யாராக இருந்தாலும் கதை ஒன்றுதான். வயது 50. பிரஷருக்கு டெல்மிசார்டனும், அதோடு சேர்ந்து 'நீர் மாத்திரை'யும் சாப்பிடுகிறார். மத்தியானம் வரை வேர்த்துக் கொட்டியிருக்கிறது. இடுப்பு வலிக்கு மெடிக்கலில் கேட்டு டைக்ளோபினாக் வாங்கிப் போடுகிறார். அவருடைய முடிச்சுகளில் நடப்பது இது:

1. வேர்வையும் நீர் மாத்திரையும் சேர்ந்து ரத்தத்தின் அளவைக் குறைத்துவிட்டன. வரும் அழுத்தமே குறைவு.

2. இப்படிக் குறையும்போது முன் திருகைத் திறந்து வைப்பது புரோஸ்டகிளாண்டின் என்ற பொருள். வலி மாத்திரை அது உற்பத்தியாவதையே தடுக்கிறது. முன் திருகு மூடுகிறது.

3. பின் திருகை இறுக்கி அழுத்தத்தைக் காப்பாற்ற வேண்டியது ஆஞ்சியோடென்சின். டெல்மிசார்டன் அதைத் தடுத்து வைத்திருக்கிறது. பின் திருகு திறந்தே கிடக்கிறது.

வரத்தும் குறைவு, முன் வாசலும் சாத்தியிருக்கிறது, பின் வாசல் மட்டும் திறந்திருக்கிறது. முடிச்சுக்குள் அழுத்தம் விழுந்து வடிகட்டல் நின்றுபோகலாம். மூன்றில் எந்த ஒன்றும் தனியாக வந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். வேதனை என்னவென்றால், அவர் தப்பே செய்யவில்லை. ஒன்று டாக்டர் எழுதியது, ஒன்று வேலை கொடுத்தது, ஒன்று உடம்பு வலி கேட்டது. இதை யாராவது அவருக்கு இரண்டு நிமிடம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் போதும். இந்த நிலையில் வலிக்கு பாரசிட்டமால் அளவோடு போடலாம். வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்த நாட்களில் பிரஷர், நீர் மாத்திரைகளைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்று டாக்டரைக் கேட்க வேண்டும்.

கீழே அடைத்தால் மேலே நிற்கும்

நெஃப்ரான்களில் தயாரான சிறுநீர் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள சிறுநீர்நாளம் வழியாகச் சிறுநீர்ப்பைக்கு வருகிறது. சும்மா வடிந்து வருவதில்லை. குடல் சோற்றைத் தள்ளுவதுபோல நாளத்தின் தசை அலையலையாகத் தள்ளுகிறது. தலைகீழாக நின்றாலும் சிறுநீர் பைக்குத்தான் போகும். பை 400, 500 மில்லி கொள்ளும். அதன் பிறகு சிறுநீர் வெளியேறும் குழாய்: ஆணுக்குச் சுமார் 20 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 4. கிருமிக்கு ஏறிவர அது குறுக்குவழி. மீன் ஏலக் கூடத்திலும் சந்தையிலும் நாள் முழுக்க நிற்கும் பெண்கள், ஒதுங்க இடமில்லை என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். கிருமித் தொற்றுக்கும் கல்லுக்கும் அது வழி விடுகிறது. சுத்தமான ஒரு கழிப்பறை எத்தனை சிறுநீரகங்களைக் காக்கும் என்று கணக்குப் போட்டு இடம் ஒதுக்க வேண்டும்.

கல்லோ, ஆண்களுக்கு வீங்கிய புராஸ்டேட் சுரப்பியோ வழியை அடைத்தால் பின்னழுத்தம் நாளம் வழியாக மேலேறி, கிண்ணம் வரை வந்துவிடும். ரத்தத்தின் தள்ளுவிசைக்கு எதிராகக் கிண்ணம் தள்ளினால் வடிகட்டல் குறையும். ரத்தமும் நன்றாக இருக்கிறது, முடிச்சும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் கிரியாட்டினின் ஏறும். கிட்னி கோளாறு என்றதும் முதலில் ஒரு ஸ்கேன் எடுப்பது, திறந்தால் சரியாகிவிடும் இந்த அடைப்பு தப்பிப்போகக் கூடாது என்றுதான்.

ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது?

கிரியாட்டினின் பக்கத்தில் 0.6 முதல் 1.2 என்று அச்சடித்திருக்கும். 1.2 இருந்தால் நார்மல் என்று மடித்து வைத்துவிடுகிறோம். அது தசையின் கழிவு என்பதை நினைவில் வைத்து இரண்டு பேரைப் பாருங்கள். மூட்டை தூக்கும் 25 வயது மகனுக்கு 1.2. அவருடைய 60 வயது அம்மாவுக்கும் 1.2. வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் மகனின் வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 86 மில்லி, அம்மாவுடையது 52. மூன்று மாதத்துக்கு மேல் 60-க்குக் கீழே நின்றால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். ஒரே எண், மகனுக்குக் கவலையில்லை, அம்மாவுக்கு நோயாக இருக்கலாம். இந்தக் கணக்கை இ-ஜிஎஃப்ஆர் என்று பல லேப்கள் ரிப்போர்ட்டிலேயே போடுகின்றன. இல்லையென்றால் கேட்டு வாங்கலாம்.

கிரியாட்டினினுக்கும் முன்னாலேயே பேசுவது சிறுநீர். பிரஷரும் சுகரும் முடிச்சின் சல்லடையைக் கிழிக்கத் தொடங்கினால் முதலில் கசிவது ஆல்புமின். அது 'நார்மல்' கிரியாட்டினின் காலத்திலேயே தெரிந்துவிடும். சிறுநீரில் ஆல்புமின், கிரியாட்டினின் விகிதம் 30-ஐத் தாண்டினால் கசிவு இருக்கிறது என்று பொருள். கசிவு அதிகமானால், கழிப்பறையில் தண்ணீர் ஊற்றியும் அடங்காமல் சிறுநீர் சோப்பு நுரை போல நிற்பது அதன் வெளி அடையாளம். பிரஷருக்குப் போன இடத்தில் யூரின் கேட்பது இதற்காகத்தான். இந்தச் சல்லடையில் கிழிசல் இருந்தால் இதயத்தின், மூளையின் குழாய்களிலும் அதே சேதம் நடந்துகொண்டிருக்க வாய்ப்பு அதிகம். கத்தி வைக்காமல் ரத்தக் குழாயின் உள்சுவரைப் பற்றித் தெரிந்துகொள்ள, ஒரு சின்ன டப்பா சிறுநீரைவிட மலிவான வழி இல்லை.

ரத்தத்தின் இன்னொரு எண்ணும் சிறுநீரகத்தின் கையில் இருக்கிறது: ஹீமோகுளோபின். சிவப்பணு தயாரிக்கச் சொல்லும் எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. நாள்பட்ட கிட்னி நோயாளிக்கு இரும்புச்சத்து மாத்திரை மட்டும் கொடுத்தும் சோகை தீராதது அதனால்தான். சோகையான ரத்தத்தை வைத்து உடம்புக்கு ஆக்சிஜன் சேர்க்க இதயம் கூடுதலாக உழைக்க வேண்டும். சுமை மறுபடியும் இதயத்தின் தலையில்தான்.

இரண்டு மண்டலத்தையும் வெளியே இருந்து இணைப்பது

வடிகட்டும் வேகம் 15-க்குக் கீழே போனபின் பலருக்கு டயாலிசிஸ் தேவைப்படும். வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம். சிறுநீரகம் வாரம் முழுக்க 168 மணி நேரம் செய்த வேலையை 12 மணி நேரத்தில் முடிக்கப் பார்க்கிறோம். நடுவில் இரண்டு நாள் சேரும் தண்ணீரும் பொட்டாசியமும் இதயத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். டயாலிசிஸ் நோயாளிக்குத் தண்ணீரை அளந்து கொடுப்பதும், இளநீர், ஆரஞ்சு, வாழைப்பழத்தைத் தள்ளி வைக்கச் சொல்வதும் இதனால்தான்.

இயந்திரத்துக்கு நிமிடத்துக்கு 300 மில்லி ரத்தம் வேண்டும். கையின் சிரையில் அவ்வளவு வேகம் கிடையாது. தமனியில் வாரம் மூன்று முறை குத்த முடியாது. அதனால் முன்கையில் ஒரு தமனியைச் சிரையோடு தைத்து இணைக்கிறார்கள். இதுதான் ஃபிஸ்டுலா. தமனியின் வேகத்தைத் தாங்கிச் சிரை தடித்துப் பழுக்க ஒன்றரை, இரண்டு மாதமாகும். பழுத்த இடத்தில் விரல் வைத்தால், ஓடும் ஆட்டோவின் கைப்பிடியைத் தொட்டதுபோல இடைவிடாமல் விர்ரென்று அதிரும். காதை வைத்தால் காற்றடிப்பது போல ஓசை கேட்கும். அந்த அதிர்வைத் தினமும் காலையும் இரவும் தொட்டுப் பார்க்க வேண்டும். நின்றுவிட்டால் குழாய் அடைத்துவிட்டது என்று பொருள். மறுநாள் வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்தக் கையில் பிபி பார்க்கக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது, தலைக்கு வைத்துப் படுக்கக் கூடாது, தண்ணீர்க் குடத்தைத் தொங்கவிட்டுத் தூக்கக் கூடாது. லாரி வந்து நிற்கும்போது குடத்தை இன்னொருவர் வாங்கிக்கொள்ளட்டும்.